14 மாத லேப்ரடாருக்கு இடுப்பு டிஸ்பிளாசியா: இப்போதே ஆபரேஷனா, பொறுத்துப் பார்க்கலாமா?

உறையூர்_ப்ரூனோ

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ப்ரூனோ ஆண் லேப்ரடார், 14 மாதம், எடை 38 கிலோ. கொஞ்ச நாளாகப் படுத்து எழும்போது பின்னங்கால்கள் டைல்ஸில் வெளிப்பக்கமாக வழுக்குகின்றன. முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டுதான் எழுகிறான். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் துள்ளுகிறான். மயக்க ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு பக்கமும் ஹிப் டிஸ்பிளாசியா (இடுப்பு மூட்டு சரியாக அடங்காமல் தளர்ந்திருப்பது), இடது பக்கம் கடுமை, தேய்மானமும் தொடங்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

காட்டிய மூன்று டாக்டர்களும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர், தொடை எலும்பின் தலையை வெட்டி எடுக்கும் எஃப்.எச்.ஓ ஆபரேஷனை உடனே செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், செய்தால் முழு இடுப்பு மாற்று, அதாவது டி.எச்.ஆர், பெங்களூருக்கோ சென்னைக்கோ போய் விசாரியுங்கள் என்கிறார். மூன்றாமவர் மாத்திரை கொடுத்து, எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. ஒரு மாமா "இதுக்கு ஊசி போட்டு அனுப்பிடறதுதான் அதுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அம்மா அவரோடு பேசுவதில்லை.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். காசு முக்கியம்தான், ஆனால் காசை மட்டும் பார்த்து முடிவெடுக்க விரும்பவில்லை.

ரோஜர்_அம்மா

முதலில் அந்த மாமாவை விடுங்கள். 14 மாதத்தில், சாப்பிட்டுக்கொண்டு வாலாட்டிக்கொண்டு இருக்கிற நாய்க்கு அந்தப் பேச்சே தேவையில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நடக்கும்போது நொண்டுகிறானா, எழும்போது மட்டும்தானா? மாடிப்படி ஏறுகிறானா? காரில் தாவுகிறானா? எங்கள் ரோஜரின் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் இவன் எப்படி நடக்கிறான் என்றே கேட்டார். ஆனால் ரோஜர் ஒன்பது வயது வரை தெரு முழுக்கச் சுற்றி வந்தான். படத்தில் தெரிவதும் நாய் படும் வலியும் எப்போதும் ஒன்றாக இருக்காது.

உறையூர்_ப்ரூனோ

நடையில் லேசான ஆட்டம்தான், நொண்டல் பெரிதாக இல்லை. நீண்ட நேரம் விளையாடிய மறுநாள் காலையில் நொண்டுகிறான். படி ஏறுகிறான், கடைசி நான்கு படியில் நின்று யோசிக்கிறான். காரில் ஏறுவதை அவனே நிறுத்திவிட்டான், தூக்கித்தான் விட வேண்டும். கத்துவதெல்லாம் இல்லை.

பொம்மி_அப்பா

சகோ, யோசிக்காமல் எஃப்.எச்.ஓ செய்துவிடுங்கள். எங்கள் பொம்மிக்குச் செய்தோம். மூன்றே வாரத்தில் கால் ஊன்றினாள், இப்போது சோபா மேல் தாவுகிறாள். செலவும் தாங்கக்கூடியதுதான். செயற்கை மூட்டு, வெளிநாட்டு உலோகம் என்று லட்சக்கணக்கில் எதற்கு?

நாமக்கல்_வெட்

பொம்மி என்ன இனம், எத்தனை கிலோ?

பொம்மி_அப்பா

பொமரேனியன் சார். 6 கிலோ.

நாமக்கல்_வெட்

அதைத்தான் கேட்க நினைத்தேன். 6 கிலோ நாயின் எஃப்.எச்.ஓ அனுபவத்தை 38 கிலோ நாய்க்கு அப்படியே பொருத்த முடியாது. நான் கால்நடை மருத்துவர், ஆனால் ப்ரூனோவையும் அவன் எக்ஸ்ரேயையும் நேரில் பார்க்காதவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நோய் என்னவென்று முதலில். இடுப்பில் ஒரு குழி, தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து. ஆட்டுரல் குழியில் குழவி அடங்கி உட்காராமல் ஆடினால் இரண்டுமே தேயுமல்லவா, அதுதான் இங்கேயும். குட்டி பிறக்கும்போது மூட்டு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வளரும் மாதங்களில் மூட்டு தளர்ந்து, பந்து வெளியே நழுவி நழுவி, குழி ஆழமாக உருவாகாமல் போகிறது. பரம்பரைதான் அடிப்படை, ஒரே ஒரு மரபணு அல்ல, பல. அதன் மேல் வேகமான வளர்ச்சி, கூடுதல் எடை, வழுக்குத் தரை எல்லாம் சேரும்.

வயது ஏன் முக்கியம் என்றால், சில ஆபரேஷன்களுக்கு நேரம் உண்டு. குட்டியின் இடுப்பெலும்பு அடிப்பக்க வளர்ச்சியைச் சுட்டு நிறுத்தும் ஜே.பி.எஸ் என்ற சிறிய சிகிச்சை 3, 4 மாத வயதில் செய்ய வேண்டியது, 5 மாதம் தாண்டினால் பலன் இல்லை. இடுப்பெலும்பை வெட்டித் திருப்பிக் குழியைப் பந்தின் மேல் கவிழ்க்கும் டி.பி.ஓ, பொதுவாக 10 மாதத்துக்குள், தேய்மானம் தொடங்காத மூட்டுக்கு மட்டும். ப்ரூனோ இரண்டையும் தாண்டிவிட்டான். ஆக மிச்சம் மூன்று வழி: ஆபரேஷன் இல்லாத பராமரிப்பு, எஃப்.எச்.ஓ, டி.எச்.ஆர்.

எஃப்.எச்.ஓவில் பந்தை வெட்டி எடுத்துவிடுகிறோம். எலும்போடு எலும்பு உரசுவது நின்றுவிடும். அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து பொய் மூட்டு உண்டாகும், தசைதான் தாங்கும். சின்ன நாய்க்கு அது போதும். 20 கிலோவுக்கு மேல் போகப் போக முடிவு நிச்சயமில்லாமல் ஆகிறது. வலி குறையலாம், ஆனால் கால் சற்றுக் குட்டையாகி, நடை இயல்பாகத் திரும்பாமல் போகலாம். பெரிய நாயிலும் நன்றாக முடிந்தவை உண்டு, பெரும்பாலும் ஒல்லியாக, தசை நன்றாக இருந்த நாய்கள்.

டி.எச்.ஆர் நன்றாக அமைந்தால் நடை கிட்டத்தட்ட இயல்பாகிவிடும். பத்தில் ஒன்பது நாய்களுக்கு நல்ல முடிவு என்று அறுவை நிபுணர்கள் சொல்வது வழக்கம். மீதி ஒன்றுக்கு வருவது லேசானதல்ல: மூட்டு நழுவுவது, தொடை எலும்பு முறிவது, கிருமித் தொற்று. அதனால் தோல் புண், சீழ், உண்ணிக்கடிப் புண் இருக்கும் நாய்க்கு அதைச் சரிசெய்யாமல் கையே வைக்க மாட்டார்கள்.

இரண்டுக்கும் இடையே ஒரு விஷயத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. டி.எச்.ஆர் தோற்றால் உலோகத்தை எடுத்துவிட்டு எஃப்.எச்.ஓ நிலைக்குப் போகலாம். எஃப்.எச்.ஓ செய்த இடுப்பில் பிறகு டி.எச்.ஆர் வைப்பது மிகக் கடினம். அதாவது எஃப்.எச்.ஓ கிட்டத்தட்ட ஒருவழிப் பாதை. டி.எச்.ஆருக்கோ இப்போதே ஓட வேண்டிய அவசரம் இல்லை, எலும்பு வளர்ந்து முடிந்த நாய்க்கு எந்த வயதிலும் செய்யலாம். அதனால் முதலில் பராமரிப்பை ஒழுங்காகச் செய்து பார்ப்பதில் நீங்கள் இழப்பது கொஞ்சம்தான். எஃப்.எச்.ஓவை அவசரப்பட்டுச் செய்தால் இழப்பது அதிகம்.

செவலை

டாக்டர் சொன்னதோடு ஒன்று. இடுப்பு என்று படத்தில் வந்துவிட்டது என்பதற்காக எல்லா நொண்டலும் இடுப்பால்தான் என்று இருக்க வேண்டாம். எங்கள் லேப் திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டாள், எல்லாரும் இடுப்பு என்றார்கள். கடைசியில் முழங்கால் லிகமெண்ட் அறுந்திருந்தது. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலித்து நாய் எழ முடியாமல் கிடக்கும். ரத்தப் பரிசோதனை எடுத்தீர்களா?

நாமக்கல்_வெட்

சரியான கேள்வி. நம் ஊர் வெயிலில் வருடம் முழுக்க உண்ணி. உண்ணிக் காய்ச்சல் கிருமியான எர்லிக்கியா இருக்கிறதா என்று பார்க்காமல் நொண்டலுக்கு முடிவு சொல்லக் கூடாது. முழங்காலையும் கையால் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஜெர்மன் ஷெப்பர்டு என்றால் முதுகுத்தண்டையும். எப்படியும் வலி மாத்திரை தொடர்ந்து கொடுப்பதற்கு முன் ஈரல், சிறுநீரக அளவுகள் வேண்டும், ஒரே ரத்தத்தில் எல்லாம் பார்த்துவிடலாம்.

உறையூர்_ப்ரூனோ

உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட் எடுக்கவில்லை. நாளைக்கே எடுக்கிறேன்.

வலி மாத்திரை மெலாக்சிகாம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த நாட்களில் நன்றாக இருக்கிறான். தினமும் கொடுத்தால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் விட்டு விட்டுக் கொடுக்கிறோம். பாட்டிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரையில் பாதி கொடுத்தால் என்ன என்று அப்பா கேட்கிறார்.

நாமக்கல்_வெட்

வேண்டவே வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாயின் வயிற்றில் புண் போட்டு ரத்தம் கசிய வைக்கும். மலம் தார் நிறத்தில் போனால்தான் பலருக்குத் தெரிகிறது, அதற்குள் நிலைமை முற்றியிருக்கும். நாய்க்கான மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் இவற்றில் ஒன்று, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு எதுவும் கூடவே போகக் கூடாது. சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி, சாப்பிட மறுப்பு, கறுப்பு மலம் வந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

விட்டு விட்டுக் கொடுப்பதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். தொடக்கத்தில் சில வாரம் சீராகக் கொடுத்தால்தான் நாய் வலியில்லாமல் நடக்கும், நடந்தால்தான் தசை வளரும். அப்புறம் அளவைக் குறைத்துக்கொண்டே வரலாம். மாத்திரை போதவில்லை என்றால் காபாபென்டின் சேர்ப்பார்கள்.

தோட்டத்துக்காரன்

டைக்ளோஃபினாக் பேச்சு வந்ததால் சொல்கிறேன், இழைக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் போட்ட அந்த மருந்தால்தான் செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குப் பதில் கழுகுக்கு ஆபத்தில்லாதது என்று பரிந்துரைத்ததே மெலாக்சிகாம்தான். முதுமலை, மோயாற்றுப் பக்கம் இன்னும் கொஞ்சம் கழுகுகள் மிச்சமிருக்கின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரண்டைத் துவையல் கொடுத்துப் பாருங்கள். எலும்புக்கு அதைவிட எது? எங்கள் தோட்டத்து நாய்க்குக் கொடுக்கிறோம், பன்னிரண்டு வயதில் மரநாயைத் துரத்துகிறது.

ரோஜர்_அம்மா

அண்ணா, தோட்டத்து நாய் ஒல்லியாக, மண்ணில் ஓடியே வளர்ந்தது. அது பிரண்டை இல்லாமலும் துரத்தும் 😄

நாமக்கல்_வெட்

துவையலில் புளி, உப்பு, மிளகாய், சில வீட்டில் வெங்காயமும் இருக்கும். நாய்க்கு ஆகாது. பிரண்டையைப் பச்சையாகக் கொடுத்தால் வாயும் தொண்டையும் அரிக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு அதில் இறங்கிவிடாதீர்கள் என்பதுதான் என் கவலை.

கடையில் விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைக்கும் ஆதாரம் பலவீனம்தான். காசு மிச்சமிருந்தால் கொடுக்கலாம், அதை நம்பி இருக்க முடியாது. மீன் எண்ணெயின் ஒமேகா 3க்கு அதைவிட நல்ல ஆதாரம் உண்டு, அளவு மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். வளரும் பெரிய இனக் குட்டிக்கு கால்சியம் டானிக் ஊற்றுவதை யாராவது செய்துகொண்டிருந்தால் நிறுத்துங்கள். கால்சியம் கூடினாலும் எலும்பு வளர்ச்சி கெடும்.

எல்சா_பெங்களூரு

டி.எச்.ஆர் செய்த வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஜெர்மன் ஷெப்பர்டு, பெண், இரண்டரை வயதில் செய்தோம். மருத்துவமனை பெயர் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

செலவு லட்சங்களில், பில்லின் பெரும்பகுதி மூட்டுக்குத்தான். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், காலிங் பெல் சத்தத்துக்கு எல்சா படுக்கையிலிருந்து ஒரே பாய்ச்சல். பின்னங்கால் இரண்டும் விரிந்தன. காலை ஊன்றவே மாட்டேன் என்றாள். எக்ஸ்ரேயில் மூட்டு நழுவியிருந்தது. மறுபடி மயக்கம், மறுபடி ஆபரேஷன், மறுபடி பணம். இதெல்லாம் நடக்கலாம் என்று முன்னாடி யாரும் எங்களை உட்கார வைத்துச் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிய தாளில் ஒரு வரியாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. அந்தக் காலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆபரேஷன் செய்யாத காலைவிட அதுதான் நன்றாக இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு இன்னும் ஆபரேஷன் தேவைப்படவில்லை.

அதனால் எதிர்க்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஆறு, எட்டு வாரம் அவனை ஒரு சிறு தடுப்புக்குள் வைத்து, ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கவும் வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தாங்கி, பெல்ட்டோடு அழைத்துப் போக ஆள் இருக்கிறதா? 14 மாத ஆண் லேப் அவ்வளவு நாள் சும்மா இருப்பானா? அதைப் பணத்துக்கு முன்னால் யோசியுங்கள்.

நாமக்கல்_வெட்

நன்றாகச் சொன்னீர்கள். எஃப்.எச்.ஓ இதற்கு நேர் எதிர். அங்கே படுக்க வைத்தால் கெட்டது. தையல் பிரிப்பதற்கு முன்பே காலை மெல்ல மடக்கி நீட்டி, சீக்கிரம் நடக்க விட வேண்டும். ஒன்றில் அடக்கி வைக்க ஆள் வேண்டும், மற்றதில் நடக்க வைக்க ஆள் வேண்டும்.

உறையூர்_ப்ரூனோ

இது எனக்கு யாருமே சொல்லாதது. நன்றி மேடம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், பகலில் அப்பா அம்மாதான். 38 கிலோவை அவர்களால் தாங்கிப் பிடிக்க முடியாது.

சரி, பராமரிப்பு என்று எல்லாரும் சொல்கிறீர்கள். அதில் என்னதான் செய்ய வேண்டும்? "எடை குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

ரோஜர்_அம்மா

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் தரை. டைல்ஸ், மார்பிள், கிரானைட் எல்லாமே எதிரி. அவன் வழக்கமாகப் போகும் பாதை ஒன்று இருக்கும், படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், கிண்ணத்திலிருந்து வாசல். அந்தப் பாதை முழுக்க வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். தென்னை நார் மிதியடியும் நல்லதுதான், அடியில் ரப்பர் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் மிதியடியோடு சேர்ந்து அவனும் வழுக்குவான். பாதத்தில் விரல் இடுக்கு முடியை வெட்டுங்கள், நகத்தையும். அந்த முடி வளர்ந்தால் பாதம் தரையைப் பிடிக்காது. படிக்குக் கேட் போடுங்கள். காருக்குச் சாய்வுப் பலகை.

அப்புறம் எடை. கிலோவைப் பார்க்காமல் விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். ரோஜருக்கு நாங்கள் சமையல் தராசில் நிறுத்துத்தான் சாப்பாடு வைப்போம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மாரி பிஸ்கட், இட்லித் துண்டு, தயிர்சாதம் என்று கணக்கில் வராத சாப்பாடு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். பெரியவர்களிடம் "போடாதீங்க" என்றால் கேட்க மாட்டார்கள். காலையிலேயே அவன் பங்கிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போட்டு, "இதை எப்ப வேணா கொடுங்க" என்று கையில் கொடுத்துவிடுங்கள். எடை பார்க்க அரிசி மண்டித் தராசு போதும், கேட்டால் விடுவார்கள்.

நடை. ஒரே நீண்ட நடை வேண்டாம். பெல்ட்டோடு மெதுவாக, சின்னச் சின்னதாக, தினமும் ஒரே அளவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆற்றுமணலில் ஒரு மணி நேரம் ஓட விட்டால் திங்கட்கிழமை நொண்டத்தான் செய்வான். பந்து எறிவதை நிறுத்துங்கள், அந்தத் திடீர்த் திருப்பம்தான் மூட்டுக்கு ஆகாது. உட்கார் எழு, உட்கார் எழு என்று மெதுவாகச் செய்ய வைப்பதே நல்ல பயிற்சி.

நாமக்கல்_வெட்

எடையைப் பற்றி ஒரு ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் லேப்ரடாரில் நடந்தது. அமெரிக்காவில் 48 குட்டிகளை ஒரே ஈற்றுச் சகோதரங்களாக ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான உணவை வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, இடுப்புத் தேய்மானமும் அவற்றில் தாமதமாக, குறைவாக வந்தது. ஏற்கெனவே குண்டாகி நொண்டும் நாய்கள் உடல் எடையில் 6 முதல் 9 சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைகிறது என்று வேறு ஆய்வும் உண்டு. ப்ரூனோவுக்கு அது ஏறத்தாழ இரண்டேகால் முதல் மூன்றரை கிலோ. எந்த மாத்திரையும் இந்த வேலையைச் செய்யாது.

நீச்சல் நல்லது. பம்புசெட் தொட்டியானாலும் சரி, அவனே குதிக்க விடாமல் இறக்கி ஏற்ற வழி இருந்தால் மட்டும். பாசி பிடித்த படியில் ஒரு முறை வழுக்கினால் போச்சு.

பொம்மி_அப்பா

இதையெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால்? எத்தனை நாள் பொறுப்பது? "பொறுங்க பொறுங்க" என்று சொல்லியே நாயை வலியில் வைத்திருக்கிற வீடுகளும் உண்டு சார்.

நாமக்கல்_வெட்

நியாயம். கெடு வைத்துக்கொண்டுதான் பொறுக்க வேண்டும். மூன்று மாதம் வையுங்கள். தொடக்கத்தில் ஒரு டெய்லர் டேப்பை எடுத்து, நிற்க வைத்து, இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் அளந்து எழுதிவையுங்கள். வாரம் ஒரு முறை அதே தெருவில், பின்னாலிருந்து அவன் நடப்பதை வீடியோ எடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, வீடியோவுக்குத் தெரியும். தொடை பருத்து, மாத்திரை குறைந்து, படியில் நின்று யோசிப்பதும் குறைந்தால் தொடருங்கள். எடை குறைந்தும் தொடை இளைத்துக்கொண்டே போனால், மாத்திரை இல்லாத நாளில் எழவே கஷ்டப்பட்டால், அப்போது டி.எச்.ஆர் நிபுணரிடம் போகலாம். ஒல்லியான, தசையுள்ள நாயாகப் போவீர்கள், அதுவே லாபம். டி.எச்.ஆருக்கு வழியே இல்லை, மாத்திரையும் கேட்கவில்லை என்ற நிலை வந்தால், பெரிய நாயானாலும் எஃப்.எச்.ஓ செய்துதான் ஆக வேண்டும். வலியோடு விடுவதைவிட அது மேல்.

சென்னை வேப்பேரியில் கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, எலும்பு அறுவைப் பிரிவில் இன்னொரு கருத்து கேட்கலாம். எக்ஸ்ரேயை மொபைல் போட்டோவாக எடுத்துப் போகாதீர்கள், மூலக் கோப்பையே வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்சா_பெங்களூரு

நிபுணரைப் பார்க்கும்போது இதைக் கேளுங்கள்: இதுவரை எத்தனை டி.எச்.ஆர் செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை நழுவின, நழுவினால் மறு ஆபரேஷன் செலவு யாருடையது. மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் வேறு இடம் பாருங்கள்.

செவலை

வாங்கிய இடத்தில் சொன்னீர்களா? பெற்றோர் இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். கே.சி.ஐ (இந்திய கெனல் கிளப்) சான்றிதழ் வம்சத்தைச் சொல்லுமே தவிர இடுப்பைச் சொல்லாது. அமெரிக்காவில் 1966 முதல் இதற்கென்றே ஓ.எஃப்.ஏ என்ற அமைப்பு எக்ஸ்ரே பார்த்துத் தரம் போடுகிறது, இரண்டு வயது நிரம்பினால்தான் இறுதித் தரம். இங்கே குட்டி வாங்கும்போது யாரும் கேட்பதில்லை, அதனால் விற்பவரும் எடுப்பதில்லை.

உறையூர்_ப்ரூனோ

சொன்னேன். "எங்க லைன்ல அப்படி வந்ததே இல்ல சார், நீங்க டைல்ஸ்ல வளர்த்திருப்பீங்க" என்றார். எக்ஸ்ரே எடுத்ததே இல்லையாம், வந்ததில்லை என்று மட்டும் எப்படித் தெரியும்? அந்தத் தாய்க்கு அடுத்த ஈற்றுக்கு இப்போதே முன்பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். ப்ரூனோவை இனப்பெருக்கத்துக்குக் கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டோம்.

ரத்த ரிசல்ட் வந்தது. எர்லிக்கியா இல்லை. ஈரல், கிட்னி இரண்டும் சரி. மூன்றாவது டாக்டரிடமே திரும்பப் போனேன். மெலாக்சிகாம் சீராகக் கொடுத்து, மூன்று வாரம் கழித்து அளவைக் குறைக்கலாம் என்றார். முழங்காலையும் அசைத்துப் பார்த்தார், அங்கே கோளாறில்லை. எஃப்.எச்.ஓ இப்போது வேண்டாம் என்று வீட்டில் முடிவு. டி.எச்.ஆருக்குத் தனியாகப் பணம் சேர்க்கத் தொடங்குகிறோம், தேவைப்படாமல் போனால் நல்லது. தொடை அளவு இடது 36 செ.மீ, வலது 39. டப்பா யோசனை அப்பாவிடம் எடுபட்டது, பாட்டியிடம் இன்னும் இல்லை.

ஒரு சந்தேகம். ரப்பர் விரிப்பைக் கடித்துக் குதறுகிறான். என்ன செய்ய?

ரோஜர்_அம்மா

ஓரங்களை இரட்டைப் பக்க டேப் போட்டுத் தரையோடு ஒட்டிவிடுங்கள், நுனி கிடைக்காவிட்டால் கடிக்க மாட்டான். துண்டு எதையும் விழுங்கவில்லையே? எண்ணிப் பாருங்கள்.